முதல் ஆறு மாதம்: நர்சிங் சேரப்போகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

(நமது சங்கக் கூட்ட அறையில் ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறேன்.)



இந்த வருடம் நம் வளாகத்தோடு தொடர்புள்ள நான்கு பிள்ளைகள் நர்சிங் சேரக் காத்திருக்கிறார்கள். இருவர் நம் ஃபிளாட்டுகளில் வசிப்பவர்கள். ஒருவர் நம் காவலரின் மகள். இன்னொருவர் இங்கே மூன்று வீடுகளில் வேலை பார்க்கும் அம்மாவின் மகன். ஆமாம், மகன்தான். நர்சிங் பெண்களுக்கு மட்டுமான படிப்பு என்று யாரும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

பி.காம். படித்துவிட்டு முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்த ஆளுக்கு அனாட்டமி, பிசியாலஜியைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் பாடம் நடத்த வரவில்லை. மூன்று வருடமாகச் சனிக்கிழமை மாலைகளில் நர்சிங் படிக்கும் பிள்ளைகள் சிலரை உட்காரவைத்துப் பாடம் ஒப்பிக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது தெரியும். எழுந்து நின்றவர்கள் எப்படி எழுந்தார்கள் என்பதும் தெரியும். அதைத்தான் சொல்லப்போகிறேன். உடல் சம்பந்தமாக இதில் வரும் விவரங்களை, நம் பிளாக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்சிங் ஆசிரியை ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், எட்டு செமஸ்டர். இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் கொண்டுவந்த பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே அப்ளைடு அனாட்டமிக்கு 60 மணி நேரம், அப்ளைடு பிசியாலஜிக்கு 60 மணி நேரம். மூன்று வருட ஜிஎன்எம் படிப்பில் இரண்டுக்கும் சேர்த்து 90 மணி நேரம். 120 மணி நேரம் என்பது நான் வங்கியில் மூன்று வாரம் வேலை பார்த்த நேரம். அந்த மூன்று வாரத்தில் மனித உடம்பு முழுவதும், தலை முதல் கால் வரை. கூடவே அதே செமஸ்டரில் ஆங்கிலம், சமூகவியல், உளவியல், நர்சிங் அடிப்படைகள் எல்லாம் உண்டு. பயிற்று மொழி ஆங்கிலம். பல்கலைக்கழகத் தேர்வில் அனாட்டமிக்கும் பிசியாலஜிக்கும் ஒரே வினாத்தாள்: ‘ஏ’ பிரிவு அனாட்டமி 37 மதிப்பெண், ‘பி’ பிரிவு பிசியாலஜி 38.

பிளஸ் டூவில் தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளை இந்த இடத்தில்தான் திணறுகிறது. ஜிஎன்எம் படிப்பிலோ, கவுன்சில் விதிப்படி எந்த குரூப் படித்தவரும் சேரலாம். என்னைப் போல காமர்ஸ் படித்த பிள்ளை உயிரியல் வாடையே இல்லாமல் உள்ளே போய் உட்காரும்.

பிள்ளைகள் செய்யும் முதல் காரியம் மனப்பாடம். என்னிடம் வந்த ஒரு பெண் எலும்புகளின் பெயரையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். வயது வந்தவர் உடம்பில் 206 எலும்பு. எங்கும் தடுமாறவில்லை. “ஃபீமர் எங்கேம்மா இருக்கு?” என்று கேட்டேன். “நோட்டுல நாலாவது பக்கம் சார்” என்றாள். நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்துவிட்டாள். ஃபீமர் என்பது அவளுடைய தொடை எலும்பு. அவள் அதன் மேல் நோட்டை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் சனிக்கிழமை வகுப்பில் ஒரு பழக்கம். எந்த உறுப்பின் பெயரைச் சொன்னாலும் தன் உடம்பில் அந்த இடத்தில் கை வைக்க வேண்டும். கிளாவிகிள் என்றால் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே விரலுக்குத் தட்டுப்படும் காறை எலும்பு. ரேடியல் பல்ஸ் என்றால் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம். கை வைத்த இடம் எளிதில் மறப்பதில்லை.

இரண்டாவது தடை மொழி. அனாட்டமிச் சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலம்கூட அல்ல, கிரேக்கமும் லத்தீனும். ஆங்கிலவழிப் பிள்ளைக்கும் அவை புதிதுதான். ஆகவே தமிழ்வழிப் பிள்ளைகள் தாழ்வாக நினைத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. அந்தச் சொற்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டால் பயம் போய்விடும். ‘கார்டி’ என்றால் இதயம், ‘நெஃப்ர்’ என்றால் சிறுநீரகம், ‘ஹெப்பட்’ என்றால் கல்லீரல். வால் பகுதியில் ‘ஐட்டிஸ்’ வந்தால் அழற்சி. அப்படியானால் நெஃப்ரைட்டிஸ், ஹெப்பட்டைட்டிஸ் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம், நீங்களே சொல்லிவிடுவீர்கள். முன்னால் ‘டாக்கி’ வந்தால் வேகம், ‘பிராடி’ வந்தால் மந்தம். இப்படி ஐம்பது, அறுபது துண்டுகளைக் கற்றுக்கொண்டால் நூற்றுக்கணக்கான சொற்கள் திறந்துகொள்ளும்.

சில இடங்களில் கவனம் வேண்டும். ‘இலியம்’ என்று தமிழில் எழுதினால் ஒரே சொல். ஆங்கிலத்தில் மூன்றாவது எழுத்து ‘ஐ’ ஆக இருந்தால் இடுப்பு எலும்பு, ‘ஈ’ ஆக இருந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி. யூரிட்டர் என்பது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய். யூரித்ரா என்பது பையிலிருந்து வெளியே போகும் குழாய். ‘ஹைப்போ’ என்றால் குறைவு, ‘ஹைப்பர்’ என்றால் அதிகம். ஹைப்போகிளைசீமியா வந்தவருக்கு உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். ஹைப்பர்கிளைசீமியா வந்தவருக்கு இன்சுலின் தேவைப்படலாம். ஒரு அசை மாறினால் சிகிச்சை தலைகீழாகிவிடும். காசோலையில் ஒரு சைபர் கூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இங்கே போவது பணம் அல்ல.

தமிழில் இதையெல்லாம் சொல்ல முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவரிடம் படித்த இளைஞர்கள் மருத்துவர்களாகப் பணி செய்தார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே நடந்த காரியம் இது. நம் பிள்ளைகள் தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், அதில் மாற்றம் இல்லை. ஆனால் புரிந்துகொள்வதைத் தமிழில் செய்யலாம். புரிந்த விஷயத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒட்டுவது சுலபம். புரியாத விஷயத்தின் ஆங்கிலப் பெயர் தேர்வு முடிந்த அன்று மாலையே போய்விடும்.

மூன்றாவது தடைதான் முக்கியமானது. அனாட்டமியை ஒரு நோட்டிலும் பிசியாலஜியை வேறு நோட்டிலும் எழுதி, இரண்டையும் சேர்த்துப் பார்க்காமலே படிப்பது. அனாட்டமி ஒரு பொருள் எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்று சொல்கிறது. பிசியாலஜி அது என்ன வேலை செய்கிறது என்று சொல்கிறது. வடிவம் தெரிந்தால் வேலை பாதி புரிந்துவிடும்.

ஒரு உதாரணம். மூச்சுக்குழாய் மார்புக்குள் இரண்டாகப் பிரிகிறது. வலது கிளை சற்று அகலம், கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்கும். இடது கிளை ஒடுக்கம், சாய்வு. குழந்தை நிலக்கடலையை விழுங்கும்போது புரையேறி உள்ளே போய்விட்டால் அது பெரும்பாலும் எந்தப் பக்கம் போகும்? வலது பக்கம். இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. படத்தை ஒரு முறை வரைந்து பார்த்தால் போதும்.

இன்னொன்று. பிட்டத்தில் ஊசி போடும்போது மேல்புற வெளிப்பகுதியில்தான் போட வேண்டும் என்று சொல்லித்தருவார்கள். காரணம் சயாட்டிக் நரம்பு. நம் உடம்பிலேயே தடித்த நரம்பு. அது அந்த இடத்தைத் தவிர்த்துக் கீழே, உள்பக்கமாக இறங்கித் தொடைக்குள் போகிறது. ஊசி அதில் பட்டால் கால் மரத்துப்போகலாம், பாதம் தொங்கிப்போகலாம். விதியை மட்டும் படித்தவர் அவசரத்தில் மறந்துவிடுவார். நரம்பு ஓடும் பாதையை மனதில் பார்த்தவர் மறக்க மாட்டார்.

இப்போது பிசியாலஜி. இது காமர்ஸ் காரனுக்குப் பிடித்த பாடம். முழுக்க வரவு செலவுக் கணக்கு.

நடுத்தர உடல்வாகு உள்ள ஒருவரின் ஒரு நாள் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். வரவில், குடிப்பது சுமார் 1,600 மில்லி, உணவில் இருப்பது 700, உடம்பு தானே உண்டாக்குவது 200. மொத்தம் 2,500. செலவில், சிறுநீர் 1,500, தோல் வழியாக 600, மூச்சுக் காற்றில் 300, மலத்தில் 100. மொத்தம் 2,500. டாலியாகிவிட்டது. வெயிலில் வியர்வை கூடினால் சிறுநீர் குறைகிறது. உடம்பு அன்றன்றே சரிக்கட்டிக்கொள்கிறது. வார்டில் நர்ஸ் எழுதும் இன்டேக்–அவுட்புட் சார்ட் என்பது இதே கேஷ் புக்தான். டிரிப் எவ்வளவு ஏறியது, சிறுநீர் எவ்வளவு இறங்கியது, வாந்தி எவ்வளவு. அதில் ஒரு வரி விட்டுப்போனால், உடம்பில் நீர் தேங்குகிறதா வற்றுகிறதா என்று மருத்துவருக்குத் தெரியாமல் போகும்.

இரத்தச் சர்க்கரையும் அப்படித்தான். வங்கிக் கிளையில் ரொக்கம் வைத்திருக்க ஒரு வரம்பு உண்டு. வரம்பைத் தாண்டினால் மீதியைக் கரன்சி செஸ்ட்டுக்கு அனுப்புவோம். குறைந்தால் அங்கிருந்து கொண்டுவருவோம். சாப்பிட்டதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது, உபரி கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. சாப்பிட்டு வெகுநேரம் ஆகிவிட்டால் குளுக்ககான் சுரந்து, கல்லீரல் சேமிப்பிலிருந்து சர்க்கரை வெளியே வருகிறது. வெறும் வயிற்றில் 100 மில்லி இரத்தத்துக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை நிற்கிறது. இப்படி ஒரு வரம்புக்குள் நிறுத்திவைப்பதற்கு ‘ஹோமியோஸ்டாசிஸ்’ என்று பெயர். பிசியாலஜி புத்தகத்தை எந்தப் பக்கம் திறந்தாலும் இந்த ஒரு கதைதான்: எது ஏறியது, எது அதைக் கண்டுபிடித்தது, எது இறக்கியது. இந்த மூன்று கேள்வியையும் ஒவ்வொரு பாடத்திலும் கேளுங்கள்.

இதெல்லாம் தேர்வுக்குத்தானே, வேலைக்குப் போனால் மருத்துவர் சொன்னதைச் செய்தால் போதாதா என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். நம் வளாகத்தையே பாருங்கள். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவையுங்கள் என்று மருத்துவர் எழுதித்தருகிறார். இரவு இரண்டு மணிக்கு யாரும் பார்க்கப்போவதில்லை. அப்போதும் எழுந்து புரட்டுபவர் யார்? முதுகின் அடியில் சேக்ரம் எலும்பும் குதிகால் எலும்பும் தோலுக்கு மிக அருகில் இருக்கின்றன, நடுவில் சதை மெத்தை கிடையாது, எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே நசுங்கும் நுண்குழாய்களில் இரத்தம் நின்றுபோகும், நின்றால் தோல் செத்துப் புண்ணாகும் என்பதை மனதால் பார்க்கத் தெரிந்தவர். முதல் செமஸ்டரில் அதைப் புரிந்து படித்தவர். நாளைக்கு நம்மைப் புரட்டிப் படுக்கவைக்கப் போகிறவர்களும் இந்தப் பிள்ளைகள்தான். அதனால் இவர்கள் பாஸானால் போதும் என்று நாம் இருந்துவிட முடியாது.

பெற்றோருக்கு ஒரு பழைய வங்கிக்காரனின் வார்த்தை. கல்விக் கடன் மேசையில் நான் சில வருடம் உட்கார்ந்திருக்கிறேன். நர்சிங்குக்குக் கடன் வாங்கிய பிள்ளைகளில் சிலர் முதல் வருடத்திலேயே படிப்பை விட்டதைப் பார்த்திருக்கிறேன். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம் என்பது படிப்பவருக்குத் தரும் அவகாசம். படிப்பு நின்றாலும் கடன் நிற்காது, வட்டியும் நிற்காது. நகையை மீட்க முடியாமல், பிள்ளையும் வீட்டில் உட்கார்ந்து, அந்தக் குடும்பம் இரண்டு பக்கமும் இழக்கும். என்னிடம் வந்த பெண்களில் ஒருத்தி முதல் இன்டர்னல் தேர்வில் மார்க் குறைந்ததும் “போதும் சார், எனக்கு வராது” என்று பெட்டியோடு ஊருக்கு வந்துவிட்டாள். அவளுக்கு மூளை குறைவு இல்லை. ஒன்பது வாரம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். இப்போது மூன்றாம் வருடத்தில் இருக்கிறாள். ஒரு தாளில் தோற்றால் திரும்ப எழுத வழி இருக்கிறது. அதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

சரி, கல்லூரி திறக்கும்வரை என்ன செய்யலாம்? பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தை எடுங்கள். அதில் செரிமானம், சுவாசம், உடல் திரவங்களும் சுற்றோட்டமும், கழிவுநீக்கம், இயக்கம், நரம்பு மண்டலம், நாளமில்லாச் சுரப்பிகள் என்று ஏழு பாடங்கள் மனித உடலைப் பற்றியவை. தமிழ்வழிப் புத்தகம், ஆங்கிலவழிப் புத்தகம் இரண்டுமே பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாரத்துக்கு ஒரு பாடம். முதலில் தமிழில் படியுங்கள். பிறகு அதே பாடத்தை ஆங்கிலத்தில், பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். புதிய சொல்லுக்கு ஒரு நோட்டு போட்டு, ஆங்கிலச் சொல், அதன் துண்டுகள், தமிழ்ப் பெயர், உடம்பில் இருக்கும் இடம் என்று நான்கு கட்டம் போடுங்கள். பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுப் படத்தை நினைவிலிருந்து வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. பிறகு வீட்டில் யாராவது ஒருவருக்கு, அம்மாவுக்கோ தம்பிக்கோ, தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். சொல்லும்போது எங்கே நிற்கிறீர்களோ அங்கேதான் உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு பெரிய மருத்துவப் புத்தகங்களை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். நர்சிங் மாணவர்களுக்கென்றே எழுதப்பட்ட ராஸ் அண்ட் வில்சன் போன்ற புத்தகம் ஒன்று போதும். பழைய பதிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. இதயத்தின் அறைகள் நான்குதான், பதிப்புக்குப் பதிப்பு மாறாது.

கடைசியாக, குடியிருப்போராகிய நமக்கு மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: நர்சிங் முதல் வருடம் படிக்கும் பிள்ளையை “நீதான் நர்ஸ் ஆச்சே, வந்து ஒரு ஊசி போட்டுட்டுப் போம்மா” என்று தயவுசெய்து கூப்பிடாதீர்கள். படிக்கும் பிள்ளை இன்னும் நர்ஸ் அல்ல. ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பிள்ளையின் எதிர்காலமே போய்விடும். மறுக்கவும் அவர்களுக்குத் தெரியாது, அம்மா வேலை பார்க்கும் வீடு ஆயிற்றே.

இரண்டு: பாடம் ஒப்பிக்கக் கேட்க ஆள் வேண்டும். டாக்டராக இருக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்து, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பொறுமையாக “அப்புறம்? ஏன் அப்படி?” என்று கேட்கத் தெரிந்தால் போதும். நம் வளாகத்தில் ஓய்வுபெற்றவர்களுக்கா பஞ்சம்? வாரம் ஒரு மணி நேரம் தாருங்கள்.

மூன்று: உங்கள் வீட்டில் மருத்துவமோ நர்சிங்கோ பார்மசியோ படித்து முடித்தவர்களின் பழைய புத்தகங்கள் பரணில் இருந்தால் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். எடைக்குப் போட்டால் உங்களுக்கு ஒரு நாள் காய்கறிச் செலவு வரும். இங்கே கொடுத்தால் நான்கு பிள்ளைகள் படிப்பார்கள்.

சங்க அறை சனிக்கிழமை மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை இதற்காகத் திறந்திருக்கச் செயற்குழு அனுமதி தந்திருக்கிறது. ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. மின்விசிறி ஒன்று சத்தம் போடும், செயலாளர் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் நோட்டும் பென்சிலும் கொண்டுவந்தால் போதும். வரும் சனிக்கிழமை முதல் பாடம் செரிமானம். காலையில் சாப்பிட்ட இட்லி என்ன ஆனது என்பதிலிருந்து தொடங்குகிறோம்.